எடுத்துக் கொடுக்காத வார்த்தை

ஜூன் 4

அன்புள்ள என்ஜினியர் ஐயாவுக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இந்த வாரம் எனக்கு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு. மதியம் பச்சைத் திரையை இழுத்துவிட்டால் அறையே தண்ணீருக்கு அடியில் போய்விடுகிறது. காலில் கட்டுப் போட்ட ஒரு வாண்டு கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. தரையெல்லாம் கடலாம், நர்ஸ் நீந்தித்தான் வர வேண்டுமாம். பாவம், அவரும் நீந்தினார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு நீந்தினேன்.

பாலம் வேலையில் இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், இருக்கட்டுமா, வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யுங்கள்.

உங்கள்
டாக்டரம்மா
(மனநல ஆலோசகர்தான், டாக்டர் இல்லை என்று சொல்லி அலுத்துவிட்டது.)

ஜூன் 13

என் டாக்டரம்மாவுக்கு,

நீந்துகிற நர்ஸை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். மேஸ்திரி ஒரு மாதிரி பார்த்தார். இங்கே காலையில் பாதிப் பாலம் பனிக்குள் போய் முடிகிறது. நுனியில் நின்றால் அந்தப் பக்கம் நம் வீடு இருப்பதாகவே தோன்றுகிறது.

ஒரு வருத்தம். வரட்டுமா என்று கேட்டால் பந்தை என்னிடமே திருப்பிப் போடுகிறாய். போன தடவையும் இதே பதில்தான். வேண்டாம் என்றாலும் சொல்லிவிடு, தாங்கிக்கொள்வேன். மாதக் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

உன்னுடைய
நான்

ஜூன் 20

என்னவருக்கு,

நேற்று குடும்பநலக் கோர்ட்டில் வேலை. விளையாட்டுச் சாமான் நிறைந்த சின்ன அறை. ஒரு பெண் குழந்தை, அம்மாவும் அப்பாவும் பிரிகிறார்கள். அவள் யாரிடம் இருக்க ஆசைப்படுகிறாள் என்று நான் எழுதித் தர வேண்டும். ஒரு வார்த்தையும் நாமாக எடுத்துக் கொடுக்கக் கூடாது. உனக்கு எப்படித் தோணுதோ சொல்லும்மா என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். வெளியே மழை. அவள் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டே இருந்தாள், எனக்கே கண் சொருகியது. அப்புறம் நிமிராமலே சொன்னாள்:

"எல்லாரும் என்னையே கேக்கறாங்க ஆன்ட்டி. நீ எனக்கு வேணும்னு யாருமே சொல்லல."

அவள் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். நான் வாயைத் திறந்தால் நீங்கள் எனக்காக வேலையை விட்டு வந்ததாக ஆகிவிடுமோ, பின்னால் வருத்தப்படுவீர்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன். ஆகட்டும். எனக்கு நீங்கள் வேண்டும். வந்துவிடுங்கள்.

உங்கள்
நான்

ஜூன் 28

கண்ணம்மா,

கையெழுத்துப் போடவில்லை. மேனேஜர் காரணம் கேட்டார். வீட்டில் கூப்பிடுகிறார்கள் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புறப்பட்டுவிட்டேன்.