இஞ்சிப் பாத்தியில் ஒரு கோழி

அக்டோபர், வியாழன் இரவு

இந்த வாரம் தினமும் மதியத்துக்குமேல் மழை. பெங்களூரிலிருந்து மகன் கூப்பிட்டு, மழையா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

நூலகத்தில் எடுத்த நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டு ஜெபத்தில் ஆளுக்கு ஒரு வசனமாக வேதம் வாசிப்போம். வீட்டுக்காரர் இறந்து நான் தனியான பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. நாவலிலும் ஒரு பத்தியை உரக்க வாசித்துவிட்டு, அடுத்த ஆள் தொடரட்டும் என்று நிறுத்திவிடுகிறேன். வெட்கக்கேடு.

இன்று அப்படி நிறுத்தியபோது பக்கத்து வீட்டுச் சரசு தன் கோழியைத் தேடி வந்து மழையில் மாட்டிக்கொண்டாள். என் இஞ்சிப் பாத்தியைக் கிளறுகிற கோழி. திங்கள்கிழமைகூடக் கல்லெறிந்து விரட்டினேன். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். என்னையறியாமல் புத்தகத்தை அவளிடம் நீட்டினேன்.

"எனக்குத் தமிழ் எழுத்து அறியாதுக்கா. நான் படிச்சது மலையாளமாக்கும். நீங்க வாசிங்க, கேக்கேன்."

வாசித்தேன். மூச்சு வாங்க நிறுத்தியபோதெல்லாம், "பொறவு?" என்றாள். கதையில் கடலுக்குப் போன மகன் கரை திரும்பினானா என்ற இடத்தில் மழை நின்றுவிட்டது. வாசலோரம் ஒதுங்கி நின்ற கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வாறேன்க்கா" என்று போய்விட்டாள்.

அந்தப் பக்கத்தைத் தாண்டி நான் படிக்கவில்லை. படித்தாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை. நாளை அவள் இங்கே வருவதற்கு ஒரு காரணமும் இல்லை.

விடிந்ததும் இஞ்சிப் பாத்தியில் ஒரு பிடி அரிசி போட வேண்டும்.