வை, எடு

ஜனவரி 9

அன்புள்ள டேப்புக்கு,

இங்கே நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தையல்கூடத்தில் கழுத்தில் டேப்பை மாட்டிக்கொண்டு எங்களையெல்லாம் அளந்த மாதிரி இப்போது வீட்டுக்காரரை அளந்துகொண்டிருக்கிறாயா?

என் இஸ்திரிப் பெட்டி கண்ணை மூடிவிட்டது. சும்மா மூடவில்லை, போகிற போக்கில் வெள்ளைத் துணி மேல் காப்பி நிறத்தில் துப்பிவிட்டுப் போனது. துண்டுத் துணிகளைச் சதுரக் கட்டங்களாகத் தைத்துச் சேர்க்கிற என் ஒட்டுப்போர்வை பாதியில் நிற்கிறது. கடையில் நீராவிப் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. எதை எடுப்பது என்று நீதான் எழுத வேண்டும்.

இன்னொரு சேதி. மேல்மாடிப் பஸ்காரரைப் பற்றி எழுதியிருந்தேனே, மனைவியை இழந்தவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். கேட்டுவிட்டார். படிக்கட்டில் நின்று, "நாம பதிவு பண்ணிக்கலாமான்னு யோசிச்சேன்" என்றார், ஏதோ காஸ் சிலிண்டர் பதிவு செய்வது போல. "போர்வை முடியட்டும், சொல்றேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அதனால் போர்வை ஒற்றைக் கட்டிலுக்கா இரட்டைக் கட்டிலுக்கா என்பது இன்னும் முடிவாகவில்லை. தனியாகவே இருந்து பழகிவிட்டேன். மனிதர் நல்லவர்தான். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

உன் குண்டூசி


ஜனவரி 17

அடி குண்டூசி,

முழங்கால் என்னோடுதான் இருக்கிறது, தினமும் பேசுகிறது. பெட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் தூக்கிப் பார். கொஞ்சம் கனமாக இருக்கட்டும். உன் கை அழுத்த வேண்டாம், அதன் எடையே தையலைப் படிய வைக்க வேண்டும். மூக்கு கூராக இருந்தால்தான் சந்துபொந்தில் நுழையும். வெட்கப்படாமல் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கிக் காட்டச் சொல். நன்றாகச் சூடான பிறகும் சொட்டினால், வேண்டாம் என்று வந்துவிடு. வீட்டில் வேலை முடிந்ததும் மீதித் தண்ணீரைக் கொட்டிவிடு. நீ கொட்டியிருக்க மாட்டாய், அதனால்தான் பழையது காப்பி துப்பியது.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். போர்வைக் கட்டத்தைத் தேய்க்கக் கூடாது. குறுக்கே வெட்டிய துணி, இழுத்த பக்கம் போய்விடும். பெட்டியை மேலே வை, எடு. தள்ளி வை, எடு.

கடைக்குப் பஸ்காரரையும் கூட்டிக்கொண்டு போ. ஓர் ஆளின் குணம் கடையில் தெரிந்துவிடும். என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று "ஆச்சா, ஆச்சா" என்பார். முப்பது வருஷமாக ஆகிக்கொண்டே இருக்கிறது.

உன் டேப்பு


பிப்ரவரி 2

அன்புள்ள டேப்பு,

பெட்டி வந்தாயிற்று. பஸ்காரர் "ஆச்சா" என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிப் பார்த்தார். இரண்டு பெட்டிகள் கடைக்காரரின் மேசையை நனைத்தன. "இன்னொண்ணு காட்டுங்க" என்றார், கோபமே இல்லாமல். மூன்றாவதை வாங்கினோம்.

என்னைவிட அவர்தான் அதைப் பார்த்துக்கொள்கிறார். சூட்டில் ஒட்டுகிற பசைத்துணி பெட்டியின் அடித்தட்டில் உருகி ஒட்டிக்கொண்டது. சுரண்டக் கத்தியை எடுத்தேன், பிடுங்கி வைத்துவிட்டார். லேசாகச் சூடாக்கி, முரட்டுப் பருத்தித் துணியை மடித்து அதன் மேல் ஓட்டினார், அத்தனையும் வந்துவிட்டது. சாயங்காலமானால் தண்ணீரைக் கொட்டினேனா என்று பார்க்கவே இறங்கி வருகிறார். வசதிக்கு என் வீட்டுச் சாவி ஒன்றையும் கொடுத்துவிட்டேன். சந்தோஷமாக இருக்கிறேன்டி. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

உன் குண்டூசி


பிப்ரவரி 20

டேப்பு,

எல்லாம் போயிற்று. பல் பிடுங்கப் போனேன். போகும் அவசரத்தில் தைத்து அடுக்கியிருந்த கட்டங்களைக் காட்டி, "சும்மாதானே இருக்கீங்க, இதைத் தேய்ச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். வந்து பார்த்தால், அவருடைய சீருடைச் சட்டையைத் தேய்க்கிற மாதிரி நீராவியை முழுசாகத் திறந்துவிட்டு இழு இழு என்று இழுத்திருக்கிறார். ஒரு கட்டம் கூடச் சதுரமாக இல்லை. அதையும் பெருமையாக அடுக்கி வைத்திருந்தார்.

வீங்கின வாயோடு கத்தினேன். "இதுக்குத்தான் நான் தனியா இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் பெட்டித் தண்ணீரைக் கொட்டினார், சாவியை மேசையில் வைத்தார், மேலே போய்விட்டார். அப்புறம் வரவே இல்லை.

தேறுகிற கட்டங்களை வைத்து ஒற்றைக் கட்டிலுக்கே முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். அதுதான் எனக்குச் சரி.

குண்டூசி


பிப்ரவரி 27

அடியே,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ சொன்னது என்ன? "தேய்ச்சு வைங்க." அவர் தேய்த்தார். வைத்தார். இதைவிட ஒரு மனிதன் எப்படிச் சொன்ன பேச்சைக் கேட்பான்? வை, எடு என்பது உனக்கும் எனக்கும் தெரியும். பஸ் ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? வாய் உன்னுடையது, திட்டு அவருக்கா?

கட்டங்களைத் தூக்கி எறியாதே. பலகை மேல் பழைய துணியை விரித்து, சரியான அளவில் ஒரு சதுரம் வரை. கட்டத்தை ஈரமாக்கி அந்தக் கோட்டுக்குள் அடக்கு. பெட்டியை மேலே படாமல் பிடித்து நீராவி காட்டு. காய்ந்தபின் வை, எடு. பெரும்பாலும் திரும்பிவிடும்.

ஒரே ஒரு சிக்கல். இதற்கு நாலு கை வேண்டும். மூலைகளைப் பிடிக்க ஒருவர், கனமான பெட்டியைத் தூக்கிப் பிடிக்க ஒருவர். நான் இவ்வளவு தூரத்தில் இருக்கிறேன். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா பார்.

டேப்பு


மார்ச் 8

அன்புள்ள பொய்க்காரிக்கு,

நாலு கை வேண்டுமாம்! மூலைக்கு ஒரு குண்டூசி குத்தினால் தன்னால் நிற்கும். என் பெயரே அதுதான், எனக்குத் தெரியாதா? கடிதத்தைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. தெரிந்துதான் மாடி ஏறினேன்.

கதவைத் திறந்தார். "நான் சொன்னது தப்பு. நீங்க செஞ்சது தப்பில்ல" என்றேன். அவர் உள்ளே போய்க் கையைக் கழுவிவிட்டு என்னோடு என் வீட்டுக்கு இறங்கி வந்தார்.

"நான் தொடலாமா?"

"தொடலாம். தேய்க்கக் கூடாது. வைங்க, எடுங்க."

நான் மூலைகளைப் பிடித்தேன், அவர் பெட்டியைப் பிடித்தார். காய்ந்த ஒவ்வொன்றுக்கும் "வை, எடு" என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தார், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை போல. ஐந்தாறு கட்டங்கள் திரும்பவே இல்லை, போகட்டும். குண்டூசிப் பெட்டி பக்கத்திலேயே இருந்தது. அவர் பார்த்தார், நான் பார்த்ததையும் பார்த்தார். இரண்டு பேருமே அதை எடுக்கவில்லை. போகும்போது சாவியை அவரே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

உன்னிடம் தையல்கூடத்து நீலப் பூத்துணி மீதி இருக்கிறதா? இருந்தால் எல்லாவற்றையும் அனுப்பு. போர்வைக்கு அகலம் போதவில்லை.

உன் குண்டூசி