காலுக்கு ஒரு கம்பி

11.01.1993 திங்கள்
உரும்பிராய்ச் சந்தி தாண்டி விழுந்தேன். தினமும் விலத்திப் போகிற அதே ஷெல் குழிதான். மழைத் தண்ணீர் நிரம்பித் தெருவோடு தெருவாகக் கிடந்தது. மோட்டார்சைக்கிள் வலது காலின்மேல் கிடக்க, சைலன்சர் சுட்டுத் தோல் உரிந்துவிட்டது. சங்கக்கடை மனேச்சர் நடுத்தெருவில் மல்லாக்கக் கிடந்ததைப் பார்க்க எவ்வளவு சனம்!

மருந்து போட்டபடி செல்வநாயகி தொடங்கினாள். "முன்வீட்டுப் பரமலிங்கத்தார் தன்ரை வண்டிக்கு முன்னாலை கம்பி வளைச்சுப் போட்டிருக்கிறார். விழுந்தாலும் வண்டி காலிலை கிடவாது. உங்களுக்குத்தான் உதுகள் ஒண்டும் தோன்றாது."

வேறு பெண்டாட்டி என்றால் முதலில் நோகுதோ என்று கேட்டிருப்பாள்.

20.01.1993
கம்பி போடுவதா, விடுவதா? போட்டால் பாரம். பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காத காலத்தில், நாலு துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடுகிற வண்டி. அதற்கு மேலும் பாரம் ஏற்றினால் இன்னும் குடிக்கும். போடாவிட்டால் கால். ஐம்பத்திரண்டு வயதில் கால் முறிந்தால் பொருந்துமா?

இரவுச் சாப்பாட்டில் சினி கேட்டாள், "அப்பா, எனக்கும் மோட்டார்சைக்கிள் ஓடப் பழக்கித் தாங்கோ." கோப்பாயில் சின்னப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறாள், சைக்கிள் மிதித்துக் கால் உளைகிறதாம். இருபது வயது. பல்கலைக்கழகத்துக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

தாய்க்காரி பாய்ந்தாள். "பொம்பிளைப் பிள்ளை விழுந்து கால் முறிஞ்சால் ஆர் கட்டுறது?"

நான் இரண்டு பக்கமும் நோகாமல், "கம்பி பூட்டட்டும், பிறகு பாப்பம்" என்றேன்.

02.02.1993
குருநகருக்குப் போய் அடைக்கலநாதனைக் கண்டேன். வள்ள எஞ்சின் திருத்துகிறவர், வண்டியும் பார்ப்பார். "குழாய் கொண்டுவாங்கோ மனேச்சர், வளைச்சுத் தாறன். ஒட்டத்தான் வெல்டிங் றொட் இல்லை. வந்தால் முதல் உங்களுக்குத்தான்" என்றார்.

குழாய் வீட்டிலேயே இருக்கிறது. கிணற்றடியில், நீர் இறைக்கும் மெசினின் குழாய். மெசினுக்கு ஊற்ற எண்ணெய் இல்லாமல் சும்மா கிடக்கிறது. ஆனால் வெட்டினால் வெட்டினதுதான். நாளைக்கு எண்ணெய் வந்தால் தோட்டத்துக்கு என்ன செய்வது?

19.02.1993
சினி கேட்டாள். கம்பி இன்னும் வரவில்லை என்றேன்.

08.03.1993
வேலையால் வந்து ஸ்ராண்டில் விட்ட வண்டியில் சினி ஏறி இருந்து கியர் மாற்றிக்கொண்டிருந்தாள். வாயால் எஞ்சின் சத்தம் வேறு. சிரிப்பு வந்தது. ஆனாலும் ஏசினேன். இறங்கிப் போய்விட்டாள். ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை.

அவள் திருப்பிக் கதைக்காதது எனக்குப் பிடிக்கவில்லை.

14.04.1993
வருஷப்பிறப்பு. கைவிசேஷம் கொடுத்துவிட்டு, எல்லோரும் பார்க்கக் குழாயை வெட்டினேன். "இனி என்ன, பழக்குவன்" என்றேன். சினி சிரித்தாள். உண்மையான சிரிப்புத்தான் என்று நினைத்தேன்.

06.05.1993
வெல்டிங் றொட் வந்து, கம்பி பூட்டியாகிவிட்டது. இரண்டு பக்கமும் வடிவாக வளைத்து, கறுப்பு மையும் பூசிவிட்டார் அடைக்கலநாதன். வாசலிலேயே ஹோர்ன் அடித்தேன், அவள் ஓடிவருவாள் என்று.

சினி வீட்டில் இல்லை. சைக்கிளைக் கூட்டாளி நாகேஸ்வரி வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். இயக்கத்துக்கு. நாகேஸ்வரிக்கு முதலே தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது. செல்வநாயகி கிணற்றுக்கட்டில் இருக்கிறாள், கூப்பிட்டாலும் எழும்புகிறாள் இல்லை.

நான் என்ன செய்ய? ஆரைப் போய்க் கேட்க? ஐயோ என்ரை பிள்ளை —

08.05.1993
முகாம் வாசலில் காலையிலிருந்து நின்றேன். சினி வயதுப் பிள்ளைகள்தான் காவல். "அவ விரும்பித்தான் வந்தவ ஐயா. நீங்கள் வீட்டை போங்கோ." மரியாதையாகத்தான் சொன்னார்கள். தண்ணீரும் தந்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

வெட்கம் கெட்டவன், குடித்துவிட்டு வந்தேன்.

27.06.1993
மார்ச்சிலேயே பழக்கியிருந்தால்? கேட்டேவிட்டேன். செல்வநாயகி, "கம்பியாலையே போனவள்? விசர்க்கதை கதையாதையுங்கோ" என்றாள். பிறகு அவளே அழுதாள்.

21.03.1994 திங்கள்
சினியைக் கண்டேன்.

கோப்பாய் வீதியில் எதிரே ஒரு மோட்டார்சைக்கிள். ஓட்டுகிறது பெண்பிள்ளை, பின்னால் இன்னொருத்தி. நான் விழுந்தது போன்ற ஒரு குழி. அதை அவள் நல்ல லாவகமாக விலத்தி வந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். நிறுத்தினாள். தலைமயிரை ஒட்ட வெட்டியிருக்கிறாள். மெலிந்துவிட்டாள்.

"அப்பா, கால் சுகமோ?" பிறகு என் வண்டியைப் பார்த்தாள். "பூட்டிப்போட்டியளே!"

எவ்வளவோ கேட்க இருந்தது. வாயில் வந்தது இதுதான்: "உன்ரை வண்டிக்குக் கம்பி இல்லையே பிள்ளை."

"எங்கடை வண்டியளுக்கு உது இல்லையப்பா." பின்னால் இருந்தவள் நேரமாகிறது என்றாள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள் சினி. போய்விட்டாள்.

22.03.1994
கம்பியைக் கழற்றினேன். செல்வநாயகி நட்டுக் கழற்றுகிற சாவியைப் பிடித்து உதவினாள். நட்டுகளைக் கடதாசியில் சுற்றித் தந்தாள்.

முகாம் வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பத்மாசினியின்ரை வண்டிக்கு" என்றேன். அங்கே அவளுக்கு வேறு பெயராம், என்ன பெயரென்று எனக்குத் தெரியாது. காவலுக்கு நின்ற பிள்ளை யோசித்துவிட்டு, "வைச்சிட்டுப் போங்கோ ஐயா, விசாரிச்சுப் பாக்கிறம்" என்று வாங்கி மதிலோடு சாத்தினாள். கடதாசிச் சுற்றையும் கையில் கொடுத்தேன்.

04.04.1994
அந்த வழியால் வந்தேன். கம்பி மதிலோடு சாத்தினபடியே நிற்கிறது.