மாநாடு முடியட்டும் என்றாயே

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய அண்ணே,

மாநாட்டு அழைப்பு வந்துவிட்டது. ஓய்வுக்காலத் திட்ட ஆலோசகர்கள் எல்லாரும் ஆண்டுக்கொரு முறை கூடுவோமே, அதேதான். அதே கடற்கரை ஹோட்டல், வழக்கம்போல் திங்கட்கிழமை காலையில் தொடக்க விழா. இத்தனை வருஷமும் நீ என்னை இழுத்துக்கொண்டு போவாய், நான் முனகிக்கொண்டே வருவேன். இந்த வருஷம்தான் முதல்முறையாக அந்த நாள் எப்போது வரும் என்று காத்திருந்தேன். ஆசையால் என்று நினைத்துவிடாதே, அவ்வளவும் ஆத்திரம்.

ஏன் என்று கேள். போன வாரம் சங்கச் செயலாளர் தனபாலன் போன் செய்தான். குரலில் அப்படி ஒரு பணிவு.

"அக்கா, இந்த வருஷம் அண்ணனுக்கு ஒரு விருது கொடுக்கிறோம்லா. ஓப்பனிங்லயே. பெரிய ஸ்கிரீன்ல அவரு படம், கீழ 'கடைசி மூச்சு வரை உழைத்தவர்'னு போடுறோம். நீங்க மேடைக்கு வந்து வாங்கிக்கிட்டு ரெண்டு வார்த்தை பேசணும்."

"இது யாரு மாநாடு தம்பி?" என்று கேட்டேன்.

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க, நம்ம மாநாடுதான்."

"நம்ம வேலை என்னா? ஜனங்கள நேரத்தோட வேலைய விட்டுட்டு நிம்மதியா உக்கார வைக்கிறது. அந்த வேலையில இருந்த மனுஷனே உக்காராம செத்துட்டாரு. அதுக்கா விருது?"

அவன், "கோவப்படாதீங்கக்கா, எல்லாம் அண்ணன் மேல உள்ள மரியாதைதான்" என்று இழுத்தான். போனை வைத்துவிட்டேன்.

அவன்மேல் எரிந்து விழுந்து என்ன ஆகப்போகிறது? கோபம் முழுக்க உன்மேல்தான்.

நம் தீவில், ஜார்ஜ் டவுன் கடைவீட்டு மாடியில் நம் ஆபீஸுக்கு வந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சம்பளம் என்ன, சேமிப்பு என்ன என்பதற்கெல்லாம் முன்னால் நீ ஒரு கேள்வி வைத்திருந்தாய். "ரிட்டயர் ஆன முதல் திங்கக்கிழமை காலையில என்னா செய்யப் போறீங்க?" முழிப்பார்கள். சிலர் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்கள். பதில் வரும் வரை நீ கணக்கைத் தொடமாட்டாய். அக்கரையில் பிறை ஊர் பேக்டரி சூப்பர்வைசர்கள், துறைமுகக் கிளார்க்குகள், டீச்சர்கள் என்று அத்தனை பேரிடமும் பதிலைக் கறந்துவிடுவாய். "காசு எவ்வளவுன்னு அப்புறம் பார்க்கலாம்லா, காலையில எழுந்து எங்க போவீங்க, அதைச் சொல்லுங்க" என்பாய்.

உன் பதில் எனக்கும் அண்ணிக்கும் மட்டும்தான் தெரியும். பாலிக் புலாவ் தோட்டம் ஒன்றில், மரத்தடியில் அண்ணியோடு உட்கார்ந்து, அப்போதுதான் விழுந்த டுரியான் பழத்தைப் பிளந்து சாப்பிட வேண்டும். "சனி ஞாயிறுன்னா வெளியூர்க் காடியெல்லாம் வரிசையா வந்து நிக்கும். திங்கக்கிழமைன்னா நாம மட்டும்தான்" என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டே இருப்பாய்.

அண்ணிக்கு டுரியான் என்றால் உயிர். உனக்கோ அந்த வாடை காருக்குள் வரவே கூடாது. ஆயர் ஈத்தாம் பாசாரில் பழம் வாங்கினால் அண்ணி அங்கேயே நின்று தின்றுவிட்டுத்தான் காரில் ஏற வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் அவர் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் நடப்பார், நீ பக்கத்திலேயே காரை மெல்ல உருட்டிக்கொண்டு போவாய். நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்று கேட்கிறேன், அண்ணே. ஆயர் ஈத்தாமிலிருந்து மலையைத் தாண்டினால் பாலிக் புலாவ். அதற்குப் போய் யாராவது ஓய்வு பெறக் காத்திருப்பார்களா? ஆபீஸ் நம்முடையது. ஒரு திங்கட்கிழமை பூட்டிப் போட்டிருந்தால் எந்த முதலாளி வந்து உன்னைக் கேட்டிருப்பான்? டுரியான் சீசனும் மாநாடும் ஒன்றாகத்தான் வரும். "மாநாடு முடியட்டும்" என்பாய். மாநாடு முடிந்தால், அங்கே கேட்டு வந்த புதுத் திட்டங்களை வாடிக்கையாளர்களுக்கு விளக்கியாக வேண்டும் என்பாய். அதற்குள் சீசன் போய்விடும். அண்ணியும் ஒவ்வொரு வருஷமும் நம்பினார்.

அன்றைக்கும் இதே கதைதான். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றாய். கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். "பிறையில ஒருத்தர் ஷிப்ட் முடிஞ்சு காத்துக்கிட்டிருப்பாரு, பார்த்துட்டு வந்துடறேன்லா" என்று கடல் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனாய். பேக்டரி கேன்டீனில் அவருக்கு எதிரே உட்கார்ந்தபடியே சாய்ந்தாய்.

காரியத்துக்கு வந்தபோது அந்த மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். "முதல் திங்கக்கிழமை என்னா செய்வீங்கன்னு கேட்டாருங்க. நான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். நிமிர்ந்து பார்த்தா..." என்றார். தான் சட்டென்று பதில் சொல்லியிருந்தால் நீ பிழைத்திருப்பாயோ என்று இன்னும் தவிக்கிறார். அவருக்கு நான் என்ன சொல்லட்டும்? நீயே சொல்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் மாநாட்டுக்குத் தயாரானேன். விருதைத் தொடாமல் மைக்கை மட்டும் பிடிக்க வேண்டும். முன்வரிசையில் கோட்டு போட்டு உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராக எழுப்பி உன் கேள்வியை அவர்களிடமே கேட்க வேண்டும். ஒருவருக்கும் பதில் இருக்காது என்று எனக்குத் தெரியும். குளிக்கும்போதும் சமைக்கும்போதும் ஒத்திகை பார்த்தேன். அவர்கள் முகம் போகும் போக்கை நினைத்தாலே மனசு குளிர்ந்தது.

நேற்று சாயங்காலம் அண்ணியிடம் போய் ஆவேசமாக எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"மாநாடு என்னைக்கு?"

"வர்ற திங்கக்கிழமை காலையில அண்ணி."

"டுரியான் விழ ஆரம்பிச்சிருச்சு. பாசார்ல பார்த்தேன்."

"இந்த மாநாடு முடியட்டும் அண்ணி, நானே உங்களைக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

மடித்துக்கொண்டிருந்த துணியை அண்ணி வீசி எறிந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"நீயும் ஆரம்பிச்சிட்டியா? அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் வேற வார்த்தையே தெரியாதா? போ, மேடையில ஏறி நல்லாப் பேசு. கை தட்டுவாங்க. நான் இங்கயே உக்காந்து துணி மடிக்கிறேன்."

எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. உன்னைத் திட்டுவதற்காகப் போன இடத்தில் உன் வாயாலேயே பேசியிருக்கிறேன்.

காலையில் முதல் வேலையாகத் தனபாலனை அழைத்தேன். திங்கட்கிழமை வரமாட்டேன் என்றேன்.

"அலாமாக், ப்ரோக்ராம் அடிச்சாச்சுக்கா!"

"அடிச்சது அடிச்சபடி இருக்கட்டும். என் பேரைக் கூப்பிடு. நான் வரலைன்னா எங்க போயிருக்கேன்னு மைக்ல சொல்லு. அண்ணி கூட பாலிக் புலாவுக்கு டுரியான் சாப்பிடப் போயிருக்காங்கன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே."

"அப்ப விருது?"

"அவரு படத்துக்குக் கீழ வச்சிடு. அவருதான் வேலையை விட்டு எங்கயும் போக மாட்டாரே."

கோபம் தீரவில்லை, அண்ணே. தீரும் என்றும் தோன்றவில்லை. நீ இல்லாத ஆபீஸில் உன் நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் உதைக்க வேண்டும் போலவும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருக்கிறது. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். திங்கட்கிழமை நம் ஆபீஸ் பூட்டியிருக்கும். யார் போன் செய்தாலும் எடுக்க மாட்டேன். அண்ணி போதும் என்று சொல்லும் வரை அந்த மரத்தடியை விட்டு எழுந்திருக்க மாட்டோம். திரும்பும்போது வேண்டிய மட்டும் பழம் வாங்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வருவேன். ஆமாம், உன் காரில்தான் போகிறோம். கண்ணாடியைக்கூட இறக்க மாட்டேன். அண்ணி இனிமேல் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் நடக்க மாட்டார்.

உன்னை மன்னிக்க மனமில்லாத,
உன் கூடப்பிறந்த தங்கை
மலர்