ஏழாவது கல் அடங்காத கணக்கு

என் பாசமுள்ள காக்காவுக்கு,

உங்க தங்கச்சி மரியம் எழுதுறேன். நீங்கள் மவுத்தாகி, எங்களை விட்டுப் போய் மூணு மாசம் ஆகிறது. அதற்குள் அண்ணனான உங்கள் பேரைக் கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

மண்டபத்துக் கடலோரம் படகு அணைகிற கல் ஜெட்டி நினைவிருக்கிறதா? மேலே கிரேன் ஏறினால் எந்தக் கல் உராய்வில் நிற்கும், எது வழுக்கும் என்று எஞ்சினியர் உங்களிடம் கேட்டிருந்தார். நீங்கள் வழி சொன்னீர்கள், வீட்டிலிருந்து நான் கணக்குப் போட்டேன். முதலில் எல்லாக் கல்லும் நிற்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். உராய்வு தாங்குகிற அளவை விசை தாண்டினால், அந்தக் கல்லை வழுக்குவதாக மாற்றித் திரும்பவும் போட வேண்டும். இப்படி மாற்றிக்கொண்டே போய், கற்களின் மொத்த ஆற்றல் இதற்குமேல் குறையாது என்கிற இடம்தான் விடை.

ஏழாவது கல் மட்டும் அடங்கவில்லை. ஒரு சுற்றில் நின்றது, அடுத்ததில் வழுக்கியது. நீங்களோ காய்ச்சலில் கிடந்தீர்கள், மறுநாள் எஞ்சினியரிடம் தாள் போயாக வேண்டும். ‘நிற்கும்’ என்று எழுதி நீட்டினேன். படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டீர்கள். அப்போதே நான் ஏன் சொல்லவில்லை?

போன மாதம் கிரேன் வந்து இறங்கியது என்று கேள்விப்பட்டதும் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கணக்கை மறுபடி எடுத்தேன். சுற்றுக்குச் சுற்று மாற்றத்தைப் பாதியாக்கிப் போட்டதில், நிற்பதும் வழுக்குவதுமாக மாறிய ஆட்டம் அடங்கியது. ஏழாவது கல் வழுக்குகிறது, கூடவே பக்கத்து இரண்டும்.

நம்மைப் பெற்ற உம்மாவைக் கூட்டிக்கொண்டு எஞ்சினியரிடம் போனேன். தாளைப் பார்த்து, யார் போட்டது என்று கேட்டார்.

“நான்தாங்க. முன்னாடி போட்டதும் நான்தான். தப்பு அங்கனதான் இருக்கு.”

அவரே ஒரு சுற்றுப் போட்டுப் பார்த்தார். ஆளனுப்பிக் கிரேன் ஜெட்டியில் ஏறாமல் நிறுத்தினார். பிறகு பழைய தாளில் உங்கள் கையெழுத்தைச் சிவப்பு மையால் அடித்தார். அது உங்கள் கடைசிக் கையெழுத்து, காக்கா.

திரும்பும் வழியில் உம்மா சொன்னது ஒன்றுதான்: “போனவனையும் தோக்க வச்சிட்டியே.” அதற்கப்புறம் என்னோடு பேச்சில்லை.

அந்தக் கற்கள் வழுக்காமல் இருக்க ஜெட்டியின் அடியில் பாரக்கல் அடுக்கினார்கள். அதற்கும் என்னையே கணக்குப் போடச் சொல்லி, எஞ்சினியர் வரிவரியாகச் சரிபார்த்தார். நேற்றுக் கிரேன் ஏறியது. மேலே ஆட்கள் நின்றார்கள். கரையில் நான் ஏழாவது கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கல்லும் அசையவில்லை. ஆனாலும் இன்று காலையில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நாளைக்கும் போவேன்.

உங்களைத் தோற்க வைத்துவிட்டேனா? உம்மா சொன்னது சரிதானா?

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். இனி ஒரு கணக்கில் எனக்குச் சந்தேகம் இருந்தால், வாங்குகிறவர் எந்த நிலையில் கிடந்தாலும், சொல்லிவிட்டுத்தான் தாளை நீட்டுவேன்.

உங்களிடம் சொல்லாமல் விட்ட தங்கச்சி,
மரியம்