மறுகாலில் அடுக்கிய மூட்டைகள்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்தால் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். யாருக்கும் காட்டாதீர்கள். அப்பாவுக்குக் காட்டவே காட்டாதீர்கள்.

பள்ளியில் எழுதச் சொன்னது, நாடுகள் ஆற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தங்கள் பற்றிக் கட்டுரை. போர் நடத்திய நாடுகள்கூட உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. அதோடு முடித்திருக்கலாம். "சொந்த ஊர் உதாரணம் எழுதுனா அஞ்சு மார்க்கு கூட" என்றார் டீச்சர். எழுதித் தொலைத்தேன். எங்கள் கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் மறுகால் வழியாகக் கீழூர்க் கண்மாய்க்குப் போக வேண்டும் என்பது இரண்டு ஊரும் பேசி வைத்த ஏற்பாடு. அப்பா அந்த மறுகாலை மணல் மூட்டை அடுக்கி அடைத்திருப்பதையும் எழுதிவிட்டேன். அதை வகுப்பில் வாசிக்க வேறு வைத்தார்கள்.

என் வகுப்பில் படிக்கும் கீழூர் மும்தாஜ் விடவில்லை. "ஏன்டி, எங்க நெல்லு காயிறது உங்கப்பா மூட்டையாலதானா? எங்க அத்தாகிட்ட சொல்றேன், ஊரே வரும்."

கெஞ்சினேன்.

"சரி, நம்மளும் ஒப்பந்தம் போடுவோம். இன்னைக்குள்ள மூட்டைய எடுக்கச் சொல்லு, நான் வாயத் தொறக்கல."

அப்பாவிடம் சொன்னேன். "கீழூர்க்காரன் உன்னையத் தூது அனுப்புனானா? போயிப் படி" என்றார். படித்ததால் வந்த வினைதான் இது.

ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போகிறேன் என்று சொல்லி அரிவாளோடு போனேன். நான்கு மூட்டைகளைக் கிழித்தேன். தண்ணீர் கீழூர்ப் பக்கம் ஓடியது.

இப்போது அப்பா டார்ச் எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போயிருக்கிறார். மணல் ஒட்டிய அரிவாளைக் கழுவினேனா என்று நினைவில்லை.

கதவு தட்டும் சத்தம். அப்பாதான். என் முழுப்பெயரைச் சொல்லிக்