மாடியிலிருந்து இறங்கிய மேஜை

என் ராங்கிக்கார அக்கா ஸ்டெல்லாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கும் சேரப்பணஞ்சேரியில் நான் மைக்கோடு ஆட்டோவிலிருந்து இறங்கினால், "ஸ்டெல்லா தங்கச்சி வந்துக்கீது, வாங்க" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஞானஸ்நானத்தில் எனக்கென்று ஒரு பெயர் வைத்தார்களே, அது என்ன ஆயிற்று?

பொறாமைதான். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? போலியோ வந்த காலென்று அப்பா உன்னைச் சைக்கிளில் உட்காரவைத்துப் போவார், நான் பின்னாலேயே ஓடிவருவேன். பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நீ மைக்கைப் பிடித்தால், சாமியாரைச் சுற்றி நின்றவர்களும் உன்னிடம் வந்துவிடுவார்கள். "ஊனமுற்றோர் அட்டை யாரும் போடற பிச்சை இல்ல, நம்ம உரிமை. கேட்டு வாங்குங்க" என்பாய். நானும் அதையேதான் சொல்கிறேன். "ரெண்டு காலும் நல்லாத்தான கீது, இதுக்கு இன்னா தெரியும்?" என்று என் காதுபடவே பேசுகிறார்கள்.

சரி, நடந்ததைக் கேள். ஒரகடத்தில் ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்தில் மாரியப்பனைப் பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், ஐடிஐ படித்தவன். கம்பெனியில் பாரம் விழுந்து ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. "பொறவியிலேயே இருந்தாத்தாம்க்கா அட்டை குடுப்பாவ" என்றான். இங்கே பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விபத்தில் போனாலும் உண்டு, அது இருந்தால் ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் பதியலாம் என்று சொன்னேன். ஊருக்கு மூட்டை கட்ட இருந்தவன் நின்றான்.

அட்டை கொடுக்கும் முகாம் நாளில் அவனைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். டாக்டரும் அதிகாரியும் வழக்கம்போல மாடியில். "நான் தவந்து ஏறிருதேன்க்கா" என்று அவன் ஊன்றுகோலைக் கீழே வைத்தான். அதை எடுத்து மறுபடி அவன் கையிலேயே கொடுத்தேன். நீயாக இருந்தால் முதல் படியிலேயே உட்கார்ந்து, "சட்டம் கீது சார், எங்களால வர முடியற எடத்துல நீங்கதான் ஒக்காரணும்" என்று சத்தம் போட்டிருப்பாய். நான் உட்கார்ந்தால் யார் மதிப்பார்கள்? அந்தப் படியில் உட்கார உனக்கிருந்த தகுதியின் மேல்கூட எனக்குப் பொறாமை, அக்கா. அசிங்கம்தான், சொல்லிவிட்டேன்.

எனக்கு ஏறத்தானே தெரியும்? ஏறினேன்.

"கீழ ஒருத்தர் காத்துகினு இருக்காரு சார்."

"மேல வரச் சொல்லும்மா."

இறங்கி வந்தால், நடக்க முடியாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா. மறுபடி ஏறினேன். "இப்ப ரெண்டு பேரு சார்." அப்புறமும் யார் வந்தாலும் ஏறிப்போய்ச் சொன்னேன். மூச்சு வாங்கியதே தவிர விடவில்லை. கடைசியில் அதிகாரி, "ஐயோ, நீ படியேறுற சத்தம் கேட்டாலே தலை சுத்துதும்மா!" என்று மேஜையைக் கீழே இறக்கச் சொன்னார். மாரியப்பனைக் கீழேயே வைத்துப் பார்த்தார்கள். போன வாரம் அட்டை அவன் கைக்கு வந்துவிட்டது.

மேஜை இறங்கியதும் கூட்டம் என்ன சொன்னது தெரியுமா? "ஸ்டெல்லாக்கா செத்தும் சாதிச்சிடுச்சுப்பா!" கெண்டைக்கால் வீங்கியது எனக்கு, பேர் உனக்கா? அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். பொறாமையில் அழுதேனா, நீ இல்லாததற்கு அழுதேனா?

ஞாயிற்றுக்கிழமை பென்னலூரில் பேசப்போகிறேன். மைக்கைப் பிடித்ததும் முதலில் என் பெயரைத்தான் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே. ஸ்டெல்லாவின் தங்கச்சி என்பதையும் நானே சொல்வேன். அதைச் சொல்லிக்கொள்ளும் உரிமை இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் இருக்கிறது.

உன் கூடப்பிறந்த பொறாமைக்காரி,
ரெஜினா